பல்குச்சி இல்லாத வீடு

“சாகப் போற மனுஷன் புழுவை இவ்வளவு பதவிசா கோத்து வெச்சுட்டா போவான்?”

மிஸ் வெர்னா ஸ்டேகல் இதைக் கேட்டபோது ஷெரீஃப் ஆபீஸின் பின்கொட்டகையில், இறந்துபோன ஒருவருடைய படகுக்குள் மண்டியிட்டிருந்தார். வெளியே பிப்ரவரி மழை. அலபாமாவில் பிப்ரவரி மழை பிடித்துக்கொண்டால் நாய்கூட வெளியே தலைகாட்டாது. நாங்கள் வந்திருந்தோம்.

“போற வழியில பசிக்கும்னு நெனச்சிருப்பார்” என்றேன்.

“லைல். பொண்ணு பக்கத்துல நிக்குது.”

நின்றுகொண்டுதான் இருந்தாள். கோட்டின் கைகளுக்குள் விரல்களை இழுத்து வைத்துக்கொண்டு, அப்பாவின் படகை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மிஸ் வெர்னாவுக்கு வண்டி ஓட்டுவது, ஃபோட்டோ எடுப்பது, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது ஆகிய மூன்றும் என் வேலை. அவர் இந்தச் சிப்மன் ஏரியில் பல வருடம் மீன்வளக் காவலராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். ஊரில் எல்லாரையும் தெரியும். எல்லாருக்கும் ஒருமுறையாவது அபராதம் போட்டிருக்கிறார், அதனால் சாப்பிடக் கூப்பிட ஒருத்தரும் கிடையாது. என்னையும் யாரும் கூப்பிடுவதில்லை. எனக்கு அப்படிக் கௌரவமான காரணம்கூட இல்லை.

அந்தப் பெண் மார்லா, பர்மிங்ஹாமில் நர்ஸ். அவள் அப்பா ஓடெல் ஹன்ட்லி, மனைவி இறந்த பிறகு ஏரிக்கரை வீட்டில் தனியாக இருந்தவர். தனியாகவே மீன் பிடிப்பார். இந்த மாதத் தொடக்கத்தில் அவருடைய படகு, ஏரியில் வந்து சேர்கிற மரமில் ஓடையில் ஆளில்லாமல் மிதந்தது. உடம்பு பிறகு கிடைத்தது. படகின் இருக்கையில் அவருடைய லைஃப் ஜாக்கெட் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஓடெலுக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட் போடாமல் படித்துறைப் பலகையில்கூடக் கால் வைக்க மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். தானே கழற்றி, மடித்து வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார் என்று ஷெரீஃப் கேஸை மூடிவிட்டார். “தனிமைம்மா, வேற ஒண்ணுமில்ல” என்று மார்லாவிடம் அன்பாகத்தான் சொன்னாராம்.

“கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு சொல்லிட்டு வரல நான்” என்றாள் மார்லா. “டியூட்டி போட்டுட்டாங்க. ‘அதனாலென்ன, நீ வேலையைப் பாரு’ன்னார். அப்புறம் போகலாம் போகலாம்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். அப்பா தானாப் போனாரா, இல்லையா? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும், மிஸ் வெர்னா. வேற எதுவும் வேணாம்.”

“தெரிஞ்சுடும் கண்ணு” என்றார் மிஸ் வெர்னா. “லைல், டார்ச்சை இப்படிக் காட்டு.”

படகின் தளத்தில் இரண்டு தூண்டில்கள் கிடந்தன. இரண்டின் நுனியிலும் கரும்பச்சை ரப்பர் புழு. புழுவுக்கு மேலே துப்பாக்கித் தோட்டா வடிவத்தில் ஈயக்குண்டு. முள் வெளியே தெரியாமல் புழுவின் உடம்புக்குள் மறைந்திருந்தது. ஏரி முழுக்கப் பாசியும் மொட்டை மரமும் இருக்கிற ஊரில் முள்ளை வெளியே விட்டால் மீனைத் தவிர மற்றதெல்லாம் மாட்டும்.

“ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?” என்றேன்.

“உனக்கு உன் பொண்டாட்டியும் மச்சினியும்கூட ஒரே மாதிரிதான் இருந்தாங்க. அதான் டைவர்ஸ் ஆச்சு. நல்லாப் பாருடா.” முதல் தூண்டிலை எடுத்து ஈயக்குண்டை விரலால் தள்ளினார். அது தூண்டில் நரம்பில் சறுக்கிக்கொண்டு மேலே போயிற்று. “இது ஓடெல் கட்டினது. தண்ணியில அவரை எத்தனையோ தடவை நிறுத்திச் சோதிச்சிருக்கேன். குண்டு தன் பாட்டுக்கு ஓடும். முள் நுனி புழு வயித்துல ஆழமாப் புதைஞ்சிருக்கும். மீன் கடிச்சா பலமா இழுக்கணும், அப்பதான் முள் வெளிய வரும். பழைய கட்டு. இப்ப இதைத் தள்ளு.”

இரண்டாவது தூண்டிலின் குண்டைத் தள்ளினேன். நகரவில்லை.

“துளைக்குள்ள பல்லு குத்தற பல்குச்சியைச் செருகி ஒட்ட ஒடிச்சிருக்கு. அப்பதான் குண்டும் புழுவும் சேர்ந்தே பாசியைக் கிழிச்சுட்டு இறங்கும். முள் நுனி எங்க இருக்கு பாரு. தோலுக்கு அடியில, பட்டும் படாம. இன்னொண்ணு.” புழுவின் தலையை விளக்குக்கு நேரே பிடித்தார். இரண்டு பக்கமும் துளியூண்டு நைலான் நரம்பு எட்டிப் பார்த்தது. “புழுத் தலையில குறுக்கே குத்தி, உள்ள இருக்கிற முள்ளோட காதுக்குள்ள கொண்டு போய், ரெண்டு பக்கமும் நறுக்கியிருக்கு. புழு வழுக்கிக் கீழே இறங்காது.”

“கம்மல் போட்ட புழு” என்றேன்.

“இதை ஓடெல் கட்டல.”

மார்லா முதல்முறையாகப் படகின் பக்கம் ஓரடி வைத்தாள். “அப்பாவே புதுசாக் கத்துக்கிட்டிருக்கலாமே?”

“இருக்கலாம். அதுக்குத்தான் வீட்டைப் பார்க்கணும்.” மிஸ் வெர்னா எழுந்து, இருக்கையில் இருந்த லைஃப் ஜாக்கெட்டை எடுத்துத் தன் கோட்டுக்கு மேலேயே மாட்டி, பட்டைகளைப் பூட்டினார். அது அவர்மேல் தொளதொளவென்று தொங்கியது. “அப்பா உடம்பு எப்படிம்மா?”

“எலும்பும் தோலுந்தான். அம்மா போனப்புறம் இன்னும் இளைச்சுட்டார்.”

“ம்” என்றார் மிஸ் வெர்னா. ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை.

“குளிருதுன்னு சொல்லியிருந்தா என் கோட்டைத் தந்திருப்பேனே” என்றேன். மிஸ் வெர்னா இரண்டாவது தூண்டிலின் நரம்பை நறுக்கி, புழுவைக் குண்டோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். கேஸ் மூடியாகிவிட்டதால் பொருளெல்லாம் மார்லாவுடையது, அவள் தலையாட்டினாள்.

ஓடெலின் வீட்டில் எல்லாம் ஒற்றை ஒற்றையாக இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு முள்கரண்டி, ஒரு கப். டிவிக்கு எதிரே ஒரு சாய்வு நாற்காலி. என் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது போல இருந்தது எனக்கு. இவருடைய வீடு சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

“பல்குச்சி தேடு” என்றார் மிஸ் வெர்னா.

சமையலறை இழுப்பறை, மேஜை, அலமாரி, தூண்டில் பெட்டி, பிக்கப் வண்டியின் டேஷ்போர்டு என்று எல்லா இடத்திலும் தேடினேன். ஈயக்குண்டு கிடைத்தது, ரப்பர் புழு வண்ணவண்ணமாகக் கிடைத்தது, பழைய முள் கிடைத்து என் கட்டைவிரலிலும் ஏறியது. பல்குச்சி ஒன்றுகூட இல்லை. கடைசியில் பாத்ரூமிலிருந்து மிஸ் வெர்னா கூப்பிட்டார். கண்ணாடி டம்ளரில் ஒரு பல்செட் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

“இது மாத்துச் செட்டு” என்றாள் மார்லா. “அப்பாவுக்கு ஒரு பல்லுகூட இல்ல.”

“பல்லே இல்லாதவர் பல்குச்சி எதுக்கு வாங்கப் போறார்?” என்றார் மிஸ் வெர்னா. “அது வேற ஒருத்தன் பாக்கெட்லேருந்து வந்திருக்கு.”

மார்லா சமையலறைக்குப் போனாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலிகள். இரண்டாவது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“இது அம்மா நாற்காலி. அம்மா போனதுலேருந்து இதுல பழைய பேப்பர்தான் அடுக்கியிருக்கும். நான் வந்தாக்கூட எடுக்க மாட்டார், நின்னுட்டே காபி குடிச்சுட்டுப் போவேன்.” பேப்பர் கட்டு இப்போது சுவரோரம் தரையில் இருந்தது. “யாருக்காகவோ எடுத்து வெச்சிருக்கார்.”

அவள் முகத்தில் வந்தது நிம்மதியா, பொறாமையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மார்லாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறியதும் நான் கேட்டேன். “எங்க போகணும்? ஏரியைச் சுத்தித் தூண்டில் போடறவன் அத்தனை பேரையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாமா?”

“பல்குச்சியும் கம்மலும் மீன்பிடிப் போட்டிக்காரன் கைவேலைடா. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை தூக்கிப் போடறவனுக்குத்தான் புழு வழுக்கறது ஒரு பிரச்சினை. ஓடெல் மாதிரி ஆளுக்கு வழுக்கினா மேல இழுத்து விட்டுக்குவார். அவருக்கு என்ன அவசரம்?”

“போட்டிக்காரனா? போட்டிக்கு முந்தி ரெண்டு வாரம் அவங்களுக்கு ஏரி பூட்டாச்சே.”

“ஆச்சுல்ல?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமும் பெயர் கொடுத்தவன் எவனும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஊர்க்காரர்களிடம் எந்த ஓடையில் மீன் என்று ஒரு வார்த்தை துப்புக் கேட்கக் கூடாது. பிடிபட்டால் அந்தப் போட்டி மட்டுமில்லை, அதற்கப்புறம் எந்தப் போட்டியிலும் ஒருவனும் சேர்க்க மாட்டான். ஓடெல் இறந்தது ஏரி பூட்டியிருந்த நாட்களில்தான். போட்டி போன வாரம் முடிந்தது.

“ஜெயிச்சது யாரு?” என்றார் மிஸ் வெர்னா, தெரிந்துகொண்டே.

“லேண்டன் ப்ரூயிட். டென்னசிக்காரன். மீன் அத்தனையும்...” வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டது. “மரமில் ஓடையில பிடிச்சான்.”

“வெளியூர்க்காரன் எவனும் எட்டிக்கூடப் பார்க்காத ஓடை. இன்னிக்கு ஹாலிஸ் கடையில புழு கோக்கற வித்தை காட்டறானாம். மிதிடா.”

ஹாலிஸ் தூண்டில் கடையில் மழைக்கு நாலே பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். கல்லாவுக்குப் பக்கத்தில் ப்ரூயிட் நின்றான். கதவை அடைக்கிற ஆகிருதி, நோட்டீஸ் ஒட்டிய சுவர் மாதிரி சட்டை முழுக்கக் கம்பெனிப் பெயர்கள், கடைவாயில் ஒரு பல்குச்சி. நான் மிஸ் வெர்னாவை இடித்தேன். அவர் என் காலை மிதித்தார்.

பிறகு அவர் செய்ததைப் பார்த்து நானே ஏமாந்திருப்பேன். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கல்லாவில் சாய்ந்தார். “தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். நான் புழுவைக் கோத்தா, நாலு தடவை வீசறதுக்குள்ள கழுத்துலேருந்து வழுக்கிக் கீழ வந்துடுது. என்னதான் பண்றது?”

ப்ரூயிட் சந்தோஷமாகச் சிரித்தான். “எல்லாரும் கேக்கறதுதான் மேடம். இங்க பாருங்க.”

அவனுடைய தடித்த விரல்கள் வேலை செய்யும்போது எடையே இல்லாதவை மாதிரி இருந்தன. நரம்பில் குண்டைக் கோத்தான், முள்ளைக் கட்டினான். புழுவின் மூக்கில் முள்ளை ஏற்றி, வெளியே எடுத்துத் திருப்பி, வயிற்றில் நுழைத்து, நுனியை முதுகுத் தோலுக்கு அடியில் பட்டும் படாமலும் நிறுத்தினான். துண்டு நரம்பைத் தலையில் குறுக்கே குத்தி, இரண்டு பக்கமும் நறுக்கினான். கடைசியில் வாயிலிருந்த பல்குச்சியை எடுத்துக் குண்டின் துளைக்குள் செருகி ஒட்ட ஒடித்தான். பேச்சை நிறுத்தவும் இல்லை, கையைப் பார்க்கவும் இல்லை.

“அடடா” என்றார் மிஸ் வெர்னா. பாக்கெட்டிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, உள்ளே இருந்ததை அவன் கட்டியதற்குப் பக்கத்தில் வைத்தார். “இரட்டைப் பிள்ளைங்க.”

ப்ரூயிட்டின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. “இது எங்க...”

“ஓடெல் ஹன்ட்லி படகுல.”

“இந்த மாநிலத்துல பாதிப் பேர் இப்படித்தான் கட்டுவாங்க மேடம்.”

“வாஸ்தவம். ஒரு புழுவை வெச்சு யார் மேலயும் பழி போட முடியாது. அதான் இன்னொண்ணும் போட்டுட்டு வந்தேன்.” லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “ஓடெல் எலும்பும் தோலுமா இருந்தவர். தினமும் போட்ட ஜாக்கெட். ஆனா பட்டையெல்லாம் கடைசி வரைக்கும் தளர்த்தியிருக்கு, எனக்கே தொளதொளன்னு தொங்குது. தற்கொலை பண்ணிக்கறவர் ஜாக்கெட்டைக் கழட்டி வைக்கலாம். கழட்டறதுக்கு முந்தி ஒரு பெரிய உடம்புக்கு அளவு பார்த்துத் தளர்த்துவாரா? கொஞ்சம் போட்டுக் காட்டறீங்களா தம்பி?”

அவன் ஜாக்கெட்டைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, ரப்பர் புழுப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்தான். கடைக்காரர் ஹாலிஸ் மற்றவர்களை மழைக்குள் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“எதுக்குய்யா அந்தக் கிழவரைக் கொன்ன?” என்றேன்.

“நான் கொல்லல.” குரல் அந்த உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் சன்னமாக வந்தது. “பெட்ரோல் பங்க்ல பழக்கமானார். மீன் எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் பேச்சுக் கொடுத்தேன், பொய் சொல்லல. வீட்டுக்குக் கூப்பிட்டார். காபி போட்டார். மறுநாளும் வரியான்னு கேட்டார். தினமும் கேட்டார். எல்லா இடத்தையும் காட்டினார், ஒண்ணுகூட ஒளிக்கல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு என் தூண்டிலை எடுத்துட்டுப் போகல, அவரோடதைத்தான் கொடுத்தார். அன்னிக்குப் படகுல ஏறினதும் ‘நீச்சல் தெரியுமா?’ன்னார். தெரியாதுன்னேன். உடனே ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடுத்துட்டார். ஒண்ணுதான் இருந்துச்சு. வேணாம்னேன். ‘என் படகுல வந்தவன் நீ, போடு’ன்னு அவரே பட்டையைத் தளர்த்தி மாட்டிவிட்டார்.”

மிஸ் வெர்னா நாற்காலி எதையும் தேடாமல் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். “அப்புறம்?”

“என் புழு ஒரு மொட்டை மரத்துல சிக்கிக்கிச்சு. நான் எடுத்துத் தர்றேன்னு படகு முனையில போய்க் குனிஞ்சார். எடுத்தும் விட்டுட்டார். நிமிரும்போது வழுக்கிடுச்சு. காத்து படகைத் தள்ளிட்டுப் போயிடுச்சு, மோட்டார்ல பாசி சுத்திக்கிச்சு. அவர் அந்த மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருந்தார். நான் பாசியை அறுத்துட்டே இருந்தேன் மேடம், சத்தியமா.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அப்ப ஓடை வாயில ஒரு படகு வந்துச்சு. ரோந்துப் படகு.”

“கை காட்டினியா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“கை காட்டினியான்னு கேட்டேன்.”

“குனிஞ்சுட்டேன்.”

உயிர்மீன் தொட்டியில் காற்றுக்குமிழி விடுகிற மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொலைகாரனைப் பிடித்துவிட்டோம் என்று உள்ளே வந்தவன் நான். இது கொலையைவிட மோசமா, பரவாயில்லையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

“ஓடெல் கத்தலையா?” என்றார் மிஸ் வெர்னா மெதுவாக.

“இல்ல. என்னைப் பார்த்தார். நான் குனிஞ்சதையும் பார்த்தார். திரும்பி அந்தப் படகைப் பார்த்தார். வாயைத் திறக்கவே இல்ல. அது போயிடுச்சு. நான் மோட்டாரைக் கிளப்பிட்டுப் போறதுக்குள்ள அவர் கை மரத்தை விட்டுப்போச்சு.” மூச்சு இழுத்தான். “குளிர்ல கத்த முடியலையோ என்னமோன்னு தினமும் எனக்கே சொல்லிக்கறேன். ஆனா அவருக்குத் தெரியும் மேடம். முதல் நாளே சொல்லியிருந்தேன். வெளிய தெரிஞ்சா போட்டியிலேருந்து என்னைத் தூக்கிடுவாங்க, அப்புறம் நான் இந்தப் பக்கம் வரவே முடியாதுன்னு.”

கரைக்கு வந்ததும் ஜாக்கெட்டை மடித்து வைத்துப் படகைத் தள்ளிவிட்டிருக்கிறான். தூண்டிலிலிருந்து புழுவை அறுத்துப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லையாம். அவன் கண்ணுக்கு அது புழு கோத்த ஒரு தூண்டில், அவ்வளவுதான். ஷெரீஃப் ஆபீஸுக்குப் போக அவனே நடந்து வந்து என் வண்டியில் ஏறினான். நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

ஓடெல் வீட்டுக்குத் திரும்பியபோது மழை விட்டிருந்தது. மார்லா வாசலிலேயே நின்றாள். மிஸ் வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“தானாப் போகல கண்ணு. கூட ஒருத்தன் இருந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்கப்பா ஜாக்கெட்டைக் கழட்டிக் கொடுத்திருக்கார். வழுக்கி விழுந்துட்டார்.”

மார்லா அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். நன்றாக, வாய்விட்டு அழுதாள். பாரம் இறங்குகிற அழுகை அது. அதோடு நாங்கள் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மிஸ் வெர்னாவுக்குப் பாதி உண்மை சொல்லத் தெரியாது. ப்ரூயிட்டைப் பற்றி, போட்டியைப் பற்றி, அந்த ரோந்துப் படகைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார்.

மார்லா கண்ணைத் துடைத்தாள். நர்ஸ் அல்லவா, கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டாள். “அப்பா கத்தியிருந்தா அந்தப் படகுக்குக் கேட்டிருக்குமா?”

பொய் சொல்லுங்கள் மிஸ் வெர்னா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். காலையிலிருந்து எத்தனை வேஷம் போட்டீர்கள், இன்னும் ஒன்று போடுங்கள்.

“கேட்டிருக்கும்” என்றார்.

“கத்தலையா?”

“இல்லம்மா. அவனை மாட்டிவிட வேணாம்னு நெனச்சாரோ, குளிர்ல குரல் வரலையோ, யாருக்கும் தெரியாது.”

மார்லா ஏரியின் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அப்ப பாதி தானாத்தான் போயிருக்கார்.”

மிஸ் வெர்னா ஈரப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தேன்.